ரீஆம்ப் செய்யும்போது மாடலருக்கு எவ்வளவு லெவல் கொடுப்பது?

ஜூன் 7, சனி. கேள்வி

கொழும்பு வெள்ளவத்தையில் பிளாட் ஒன்றில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் கைக்குழந்தை, இரவில் ஆம்ப் போட வழியில்லை. அதனால் கிட்டாரை நேராக இன்டர்ஃபேஸில் (கணினியோடு சேரும் ஒலிப்பதிவுப் பெட்டி) செருகி டிஐ, அதாவது ஆம்ப் சேராத வெறும் கிட்டார் ஒலி, எடுத்து வைக்கிறேன். ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2, மூன்றாம் தலைமுறை. பிறகு ஆறுதலாக அதை மாடலருக்குள் (ஆம்ப், பெடல்களின் ஒலியைச் செய்து காட்டும் பெட்டி) அனுப்பிச் சத்தம் தேடலாம், அதாவது ரீஆம்ப் செய்யலாம் என்பது திட்டம்.

பிரச்சினை இதுதான். அதே கிட்டாரை மாடலரில் செருகி வாசித்தால் நன்றாக இருக்கிறது. ரெக்கோர்ட் செய்ததை அனுப்பினால் எல்லாம் கலங்கிப்போய், பிக் படும் கூர்மையே இல்லாமல் வருகிறது. டிஐயின் உச்சத்தை மைனஸ் 3 டெசிபலுக்கு உயர்த்தி, அதாவது நோர்மலைஸ் செய்துதான் அனுப்பினேன். ஒரு காணொளியில் மைனஸ் 12 என்கிறார்கள், இன்னொன்றில் மைனஸ் 18. எது சரி? அனுபவமுள்ள அண்ணாமார் யாராவது சொல்லுங்கள்.

ஜூன் 7, இரவு

இரண்டும் விடை இல்லை, தம்பி. மீற்றரில் தெரியும் எண்ணை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. டிஜிட்டல் உச்சத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறோம் என்பதை மட்டும்தான் அந்த எண் காட்டுகிறது. கிட்டாரின் ஜாக்கில் எத்தனை வோல்ட் இருந்தது என்பது அதில் இல்லை. மாடலருக்கு வேண்டியது அந்த வோல்ட்.

உங்கள் பெட்டியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். இன்ஸ்ட்ருமென்ட் இன்புட், கெயினை முழுதாகக் குறைத்த நிலையில், 12.5 டிபியு வரை தாங்கும் என்று போட்டிருக்கும். 0 டிபியு என்பது 0.775 வோல்ட் ஆர்எம்எஸ். அப்படிப் பார்த்தால் 12.5 டிபியு ஏறத்தாழ 3.27 வோல்ட் ஆர்எம்எஸ், சைன் அலையின் உச்சமாகச் சொன்னால் 4.6 வோல்ட். அந்த 4.6 வோல்ட் உள்ளே வந்தால்தான் மீற்றர் பூச்சியத்தைத் தொடும்.

கிட்டார் அவ்வளவு கொடுக்குமா? சிங்கிள் கோயில் பிக்கப்பைச் சாதாரணமாக வாசித்தால் சில நூறு மில்லிவோல்ட். கனமான ஹம்பக்கரை ஓங்கி அடித்தால் உச்சம் 1 வோல்ட்டைத் தாண்டும். அந்த 1 வோல்ட் உங்கள் மீற்றரில் மைனஸ் 13 அளவில்தான் தெரியும். பார்த்தால் சின்னதாக இருக்கும், ஆனால் அதுதான் அதன் உண்மையான அளவு. அதை மைனஸ் 3க்கு நோர்மலைஸ் செய்தால் 10 டெசிபல் ஏற்றியாயிற்று, 1 வோல்ட் 3 வோல்ட்டுக்கு மேல் போய்விட்டது. ஆம்புக்கு முன்னால் 10 டெசிபல் பூஸ்ட் பெடல் ஒன்றை வைத்து, அதை அணைக்காமலே விட்டிருக்கிறீர்கள். கலங்காமல் என்ன செய்யும்?

ரிவேர்ப், டிலே மட்டும் என்றால் லெவல் கூடினால் சத்தம் கூடும், அவ்வளவுதான். ஆம்ப் மாடல் அப்படி இல்லை. உள்ளே வரும் வோல்ட்டைப் பொறுத்து அதன் குரலே மாறும்.

ஜூன் 8, ஞாயிறு காலை

காரணத்தைச் சொன்னேன், வழியைச் சொல்லவில்லை. மல்டிமீற்றர்கூட வேண்டாம், ஒரு கிட்டார் கேபிள் போதும்.

ரெக்கோர்டிங் மென்பொருளில் ஒரு டிராக்கில் 1 கிலோஹேர்ட்ஸ் சைன் அலையை மைனஸ் 12இல் போடுங்கள். இன்டர்ஃபேஸின் ஒரு லைன் அவுட்டிலிருந்து கிட்டார் கேபிளை எடுத்து, டிஐ எடுத்த அதே இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் செருகுங்கள். கெயின் குமிழ் டிஐ எடுத்தபோது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இப்போது சைனை ஓடவிட்டு, திரும்பி வருவதை வேறொரு டிராக்கில் பதியுங்கள். மைனஸ் 12இல் போனது மைனஸ் 12இலேயே திரும்பி வர வேண்டும். மைனஸ் 9இல் வந்தால் 3 டெசிபல் கூடுதலாகப் போகிறது, அவுட்புட்டை 3 குறையுங்கள். மைனஸ் 15இல் வந்தால் 3 ஏற்றுங்கள்.

போனதும் வந்ததும் சமமாகிவிட்டால், ரெக்கோர்ட் செய்யும்போது கிட்டார் ஜாக்கில் இருந்த வோல்ட் எதுவோ அதுவே இந்தக் கேபிளின் முனையில் இருக்கிறது. அந்த முனையைக் கழற்றி மாடலரின் கிட்டார் இன்புட்டில் செருகுங்கள். அதற்குப் பிறகு எதையும் தொட வேண்டாம்.

முன்னெச்சரிக்கை: இப்படி அவுட்டை இன்புட்டிலேயே செருகிச் சுற்று போடும்போது டைரக்ட் மொனிட்டர், மென்பொருளின் மொனிட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வந்தது மறுபடி போய், போனது மறுபடி வந்து, ஊளையிடத் தொடங்கும். ஹெட்போனை மேசையில் வைத்துவிட்டுச் செய்வது நல்லது.

ஜூன் 8, பின்னேரம்

"கையேட்டு எண்களைக் கழித்தால் போதாதா, சுற்று எதற்கு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இந்தப் பெட்டியின் லைன் அவுட் உச்சம் 15.5 டிபியு, இன்புட் 12.5. கழித்தால் 3, ஆகவே 3 டெசிபல் குறைத்தால் சரி. தாளில் இது பிழையில்லை. நடைமுறையில் மூன்று விஷயங்கள் குறுக்கே வரும்.

அந்த 15.5 என்பது மொனிட்டர் குமிழ் முழுதாகத் திறந்திருக்கும்போதுதான். பாதியில் நின்றால் கணக்கு செல்லாது.

அந்த அவுட்புட் பலன்ஸ்ட், அதாவது சிக்னலுக்கு இரண்டு முனைகள். அதில் சாதாரண மோனோ கிட்டார் கேபிளைச் செருகினால் இரண்டு முனைகளில் ஒன்றுதான் பயன்படும். சில பெட்டிகளில் 6 டெசிபல் இறங்கிவிடும், சிலவற்றில் இறங்காது. அது உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதே இல்லை: பான், அதாவது ஒலியை இடது வலமாக நகர்த்தும் அமைப்பு. மோனோ டிராக்கை நடுவில் வைத்தால் சில மென்பொருள்கள் 3 டெசிபல் குறைக்கும், ஒரு பக்கம் தள்ளினால் குறைக்காது. ஆகவே சைனும் டிஐயும் ஒரே டிராக்கில், ஒரே பான் நிலையில், ஒரே அவுட்புட்டுக்குப் போக வேண்டும்.

சுற்று போட்டு அளந்தால் இந்த மூன்றும் தானாகவே கணக்கில் சேர்ந்துவிடும். கையேட்டு எண் உங்கள் அளவு நம்பத்தக்கதா என்று சரிபார்க்க உதவும். இரண்டும் ஏறத்தாழ ஒத்துப்போனால் நிம்மதி. 6 டெசிபல் விலகினால் கேபிளைப் பாருங்கள், 3 விலகினால் பானைப் பாருங்கள்.

ஜூன் 8, இரவு

தம்பியின் பதில் வந்தது. கெயின் குமிழ் பாதிவரை திறந்துதான் டிஐ எடுத்திருக்கிறார், அதற்குப் பிறகு அதைத் தொடவில்லையாம்.

அப்படியென்றால் இன்னும் தொடாதீர்கள்! குமிழின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். அந்த நிலையிலேயே சுற்றுப் போட்டால் பாதிக் கெயினும் கணக்கில் வந்துவிடும். இந்தக் குமிழில் எண் இல்லை, படிப்படியாக நிற்கும் இடமும் இல்லை. ஒருமுறை திருப்பினால் பழைய இடம் கிடைக்காது.

நோர்மலைஸ் செய்ததை நீக்குங்கள். மென்பொருள் கோப்பைத் தொடாமல் கிளிப் கெயினாக வைத்திருந்தால் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தால் சரி. கோப்பையே மாற்றி எழுதியிருந்தால் மூலக் கோப்பைத் தேடுங்கள். அதுவும் இல்லாவிட்டால் எத்தனை டெசிபல் ஏறியது என்பதாவது பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். எண் கிடைத்தால் ஏற்றியதை அப்படியே இறக்கலாம்.

இனி எடுப்பதைக் கெயின் முழுதாகக் குறைத்தே எடுங்கள். அலை மெல்லியதாகத் தெரியும், பரவாயில்லை. 24 பிட்டில் மைனஸ் 13, மைனஸ் 18 உச்சத்தில் எடுத்தால் ஒன்றும் கெட்டுப்போகாது. கிட்டார் பிக்கப்பின் இரைச்சலே கொன்வேர்ட்டரின் (வோல்ட்டை டிஜிட்டல் எண்ணாக மாற்றும் பகுதி) இரைச்சலைவிடக் கூட. மீற்றரை நிரப்ப வேண்டும் என்பது 16 பிட் காலத்துப் பழக்கம். முழுதாகக் குறைத்த நிலை என்பது எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகக்கூடிய ஒரே நிலை. அதன் பெரிய மதிப்பு அதுதான்.

ஜூன் 10, போசன் போயா

இன்று வேலை இல்லை, கொஞ்சம் விரிவாகவே எழுதலாம்.

லெவல் என்றதும் எல்லோரும் ஆம்பின் டிஸ்டோர்ஷனை மட்டும் நினைக்கிறோம். மாடலருக்குள் லெவலைப் பார்த்து முடிவெடுப்பது அது மட்டுமில்லை. வாசிக்காதபோது இரைச்சலை அடைக்கும் நொய்ஸ் கேட் இருக்கிறது: டிஐ 10 டெசிபல் கூடினால் கேட் மூட வேண்டிய இடத்தில் மூடாது, 10 குறைந்தால் நோட்டின் வாலை வெட்டிவிடும். கொம்பிரஸர், ஓட்டோ வா, என்வலப் ஃபில்டர் எல்லாமே இப்படித்தான். ஆம்புக்கு முன்னால் வைக்கும் ஓவர்டிரைவ் பெடல் மாடலும் அப்படியே. சத்தம் ஏதோ சரியில்லை என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது கேட்டின் அளவைத்தான். பலருக்கு டோன் கெட்டதுபோலத் தெரிவது உண்மையில் கேட் தாமதமாகத் திறப்பதுதான்.

முழுக்கச் சுத்தமான ஆம்ப், கேட் இல்லை, கொம்பிரஸர் இல்லை, கொஞ்சம் ரிவேர்ப் மட்டும் என்றால் இவ்வளவு மினக்கெடத் தேவையில்லை. இரண்டு மூன்று டெசிபல் இப்படி அப்படி இருந்தாலும் கடைசியில் ஃபேடரில் சரிசெய்யலாம். ஆம்ப் உடைகிற விளிம்பில் வாசிப்பவர்களுக்குத்தான் இது உயிர்ப்பிரச்சினை. மெதுவாகத் தொட்டால் சுத்தம், அழுத்தினால் கரகரப்பு என்று விரலாலேயே ஆம்பை ஆட்டுவிப்பவர்கள். அங்கே 3 டெசிபல் மாறினால் வாசித்தவரின் கை அங்கே இல்லை.

கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த கிட்டாரிஸ்ட் ஒருவர் இருக்கிறார். கோவில் திருவிழா மேடை, கல்யாண வீட்டு பைலா என்று வாசித்துப் பழகிய கை. பெடலையே மிதிக்க மாட்டார். பாட்டுப் பாடும்போது கிட்டாரின் வொல்யூம் குமிழைச் சின்ன விரலால் இறக்குவார், இடையிசை வந்ததும் ஏற்றுவார். ஒரே ஆம்ப், ஒரே செட்டிங், அதற்குள் நாலு விதமான சத்தம். அவருடைய டிஐயை ஓரிடத்தில் ரீஆம்ப் செய்யக் கொடுத்தோம். அங்கே ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வெட்டி, தனித்தனியாக நோர்மலைஸ் செய்து அனுப்பிவிட்டார்கள். அலைகள் எல்லாம் ஒரே உயரத்தில், பார்க்க வடிவாக இருந்தன. பாடும் இடத்திலும் இடையிசையிலும் அதே கரகரப்பு. அவர் கேட்டுவிட்டு, "இது நான் இல்லையே" என்றார். சரியான பேச்சு. அந்த வொல்யூம் குமிழ்தான் அவருடைய வாசிப்பு. அதை மொத்தமாக அழித்திருந்தார்கள்.

மூலக் கோப்புகள் கையில் இருந்ததால் மீள முடிந்தது. முழு டேக்கையும் ஒரே லெவலில் திரும்பப் போட்டதும் அவருடைய நாலு சத்தமும் வந்துவிட்டன. அன்றிலிருந்து டிஐயைக் கொடுக்கும்போது "லெவலைத் தொட வேண்டாம்" என்று சொல்லித்தான் கொடுக்கிறேன்.

ஜூன் 11

"ரீஆம்ப் பெட்டி வாங்கத்தானே வேண்டும்?" என்று மூன்றாவது ஆளும் கேட்டுவிட்டார்.

மாடலருக்குக் கட்டாயம் இல்லை. 1990களில் ஜோன் குனிபேர்ட்டி என்ற அமெரிக்க ஒலிப்பதிவுப் பொறியாளர் ரீஆம்ப் என்ற பெயரில் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்தபோது மறுபக்கம் இருந்தது நிஜ வால்வ் ஆம்ப். லைன் லெவலைக் கிட்டார் லெவலுக்கு இறக்குவது, கிட்டாரைப் போன்ற உயர்ந்த இம்பீடன்ஸைக் காட்டுவது, டிரான்ஸ்ஃபோமரால் பூமித் தொடர்பைப் பிரிப்பது ஆகிய மூன்றும் அதன் வேலை.

மாடலரின் இன்புட்டில் பஃபர் இருக்கிறது, தன்னிடம் செருகியது கிட்டாரா லைன் அவுட்டா என்று அது பார்ப்பதில்லை. பிக்கப்பும் இன்புட் இம்பீடன்ஸும் சேர்ந்து செய்யும் மாற்றம் டிஐ எடுத்தபோதே பதிந்து முடிந்துவிட்டது. இதே காரணத்தால் சில மாடலர்களில் உள்ள இன்புட் இம்பீடன்ஸ் அமைப்பை ரீஆம்ப் நேரத்தில் மாற்றிப் பார்த்துப் பயனில்லை. லெவலை நீங்களே சரிசெய்கிறீர்கள். மிஞ்சுவது இரைச்சல் பிரச்சினை மட்டும்.

மாடலருக்கு முன்னால் நிஜ ஃபஸ் பெடலோ பழைய வாவோ வைத்திருந்தால் கதை வேறு. ஃபஸ் இம்பீடன்ஸைப் பார்க்கும். அப்போது பெட்டி வேண்டும்.

ஜூன் 14, சனி

எதிர்பார்த்ததுபோலவே இரைச்சல் வந்துவிட்டது. தம்பி எழுதியிருக்கிறார்: "அண்ணா, லெவல் சமமாகிவிட்டது. ஆனால் ஹை கெயினில் ஒரு ஹம்மும், மௌஸை அசைத்தால் ஒரு சிணுங்கலும் கேட்கிறது."

முதலில் அது எங்கே பிறக்கிறது என்று பிரியுங்கள். டிஐ ஓடுவதை நிறுத்துங்கள். நிறுத்தியும் ஹம் தொடர்ந்தால் அது கேபிள் வழியில் வருகிறது. நிறுத்தியதும் போய்விட்டால் ரெக்கோர்டிங்கிலேயே இருக்கிறது, பிக்கப் பிடித்தது. அதற்கு இப்போது மருந்து இல்லை, அடுத்த தடவை லெப்டொப்பிலிருந்து தள்ளி, திரும்பி உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

மௌஸோடு சேர்ந்து சிணுங்குகிறது என்றால் பெரும்பாலும் வழியில்தான். இன்டர்ஃபேஸும் மாடலரும் ஒரே லெப்டொப்பில் யுஎஸ்பியால் சேர்ந்திருக்கின்றன, இப்போது ஓடியோ கேபிளாலும் சேர்த்துவிட்டோம். அதுதான் கிரவுண்ட் லூப். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், ஹம்மும் அதன் மடங்குகளும் அப்படியே ஏறும். ரீஆம்ப் நேரத்தில் மாடலரின் யுஎஸ்பியைக் கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் அதோடு தீர்ந்துவிடும். அடுத்தது லெப்டொப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுவது. இரண்டும் உதவாவிட்டால் நடுவில் ஓடியோ டிரான்ஸ்ஃபோமர் ஐசொலேட்டர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கார் ஓடியோ சாமான் விற்கும் கடைகளில் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று கேட்டுப் பாருங்கள். மலிவானது பேஸைக் கொஞ்சம் தின்னும், கிட்டாருக்குப் பெரிதாகத் தெரியாது. அதைப் போட்ட பிறகு சுற்றுப் போட்டு லெவலை மறுபடி அளக்க வேண்டும், டிரான்ஸ்ஃபோமரும் கொஞ்சம் இறக்கலாம்.

பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினால் ஹம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 230 வோல்ட் அது. கையில் கிட்டார் கம்பி, காலுக்குக் கீழே ஈரத் தரை. எந்த டோனும் அதற்கு ஈடில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலி வீதிக்குக் கடல் பக்கமாக இருக்கிற வீடுகளில் ஜாக்குகளை உப்புக்காற்று விடுவதில்லை. பிளக்கைச் சற்றுத் திருப்பினால் லெவல் மாறுகிறது என்றால் அளவெல்லாம் வீண். கொன்டாக்ட் கிளீனர் அடித்துவிட்டு அளந்து பாருங்கள்.

ஜூன் 15, ஞாயிறு

யுஎஸ்பியைக் கழற்றச் சொன்னேன். யுஎஸ்பி வழியாகவே ரீஆம்ப் செய்ய முடிந்தால் இந்தக் கேபிள் பிரச்சினையே இல்லையே என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். உண்மைதான், வசதியிருந்தால் அதுவே நல்ல வழி. ஆனால் அதில் இரண்டு நிலைமைகள் உண்டு, இரண்டையும் குழப்பக் கூடாது.

டிஐயை மாடலரிலேயே எடுத்திருந்தால் கணக்கே இல்லை. பெரும்பாலான மாடலர்கள் வாசிப்பதை யுஎஸ்பி வழியே ஒரு சனலில் ஒலி சேர்க்காமல் அனுப்பும். அதைப் பதிந்து, ஃபேடரைப் பூச்சியத்தில் வைத்துத் திருப்பி அனுப்பினால் உள்ளே போனதுதான் மறுபடி உள்ளே போகிறது. சந்தேகம் இருந்தால் டிஐயையும் ஆம்ப் ஒலியையும் ஒரே நேரத்தில் பதியுங்கள். பிறகு டிஐயை ரீஆம்ப் செய்து, புதிய ஒலியின் போலாரிட்டியைத் திருப்பி (அலையை மேல்கீழாக்கி), பழையதோடு நேரம் ஒத்துவைத்து ஓட்டுங்கள். கோரஸ் போன்ற அசைகிற எஃபெக்ட் எதுவும் இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக் கிட்டத்தட்ட அமைதியாகும். அப்படி அழிந்தால் லெவல் சரி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். புரொஜெக்ட் 48 கிலோஹேர்ட்ஸில் இருக்கட்டும். ஹீலிக்ஸ், ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3 என்ற மாடலர்கள் இரண்டும் உள்ளே அதில்தான் ஓடுகின்றன.

டிஐயை வேறு இன்டர்ஃபேஸில் எடுத்துவிட்டு மாடலருக்கு யுஎஸ்பியால் அனுப்பினால் நிலைமை வேறு. இரண்டு பெட்டிகளின் பூச்சியமும் வெவ்வேறு வோல்ட். ஒன்றில் 12.5 டிபியு, மற்றதில் வேறெதுவோ. அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பிடித்த வழி இது: ஃபோனில் சைன் அலை போடும் செயலி ஒன்றை இறக்குங்கள். ஹெட்போன் அவுட்டிலிருந்து ஒரே கேபிளால் முதலில் இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில் கொடுத்து எண்ணைக் குறியுங்கள். ஃபோனின் வொல்யூமைத் தொடாமல் அதே முனையை மாடலரின் கிட்டார் இன்புட்டில் செருகி, ஒலி சேராத அந்த யுஎஸ்பி சனலில் வரும் எண்ணைக் குறியுங்கள். இன்டர்ஃபேஸில் மைனஸ் 14, மாடலரில் மைனஸ் 12.5 என்று வந்தால் டிஐயை 1.5 டெசிபல் ஏற்றி அனுப்ப வேண்டும். எத்தனை வோல்ட் என்று தெரியாமலே வேலை முடிந்தது.

கிட்டாரையே வைத்து இதைச் செய்யாதீர்கள். ஒரே மாதிரி இரண்டு தடவை யாராலும் அடிக்க முடியாது, பிக்கப் இரண்டு இன்புட்டிலும் வேறுவேறாக நடந்துகொள்ளும். ஃபோனின் அவுட்புட் உறுதியாக நிற்கும்.

ஜூன் 15, சற்றுப் பிறகு

மேலே எழுதியதற்கு ஒரு சேர்க்கை. மாடலரில் இன்புட் பேட் (வரும் லெவலை இறக்கும் அமைப்பு) இருந்தால் அளக்கும்போதும் வாசிக்கும்போதும் அது ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஆக்ஸ்-எஃப்எக்ஸ் செய்யும் ஃபிராக்டல் கம்பனியின் பெட்டிகளில் இன்புட் லெவல் என்று ஒரு அமைப்பு உண்டு. அது கொன்வேர்ட்டருக்குப் போகும் அளவை மட்டும் மாற்றி, உள்ளே அதை ஈடுசெய்துவிடும். ஆம்புக்குப் போகும் கெயின் மாறாது. எல்லாக் கம்பனியும் அப்படிச் செய்வதில்லை, சிலவற்றில் அந்தக் குமிழ் ஆம்பையே தள்ளும். திருப்பிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கணினிக்குள் ஓடும் பிளகின் ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். அது எந்த வோல்ட்டைப் பூச்சியமாக நினைக்கிறது என்று தெரிய வேண்டும். நியூரல் ஆம்ப் மாடலர் என்ற பிளகினில் மாடல் கோப்புக்குள்ளேயே அந்த டிபியு எண்ணை எழுதி வைக்க இடம் கொடுத்திருக்கிறார்கள். இதை எல்லோரும் செய்தால் இங்கே பேசும் பாதி விஷயத்தைப் பேசவே தேவையிருக்காது.

ஜூன் 21, சனி

"இவ்வளவு கணக்கு எதற்கு? காதால் கேட்டு ஆம்பின் கெயினைக் குறைத்தால் போச்சு" என்று தெமட்டகொடையிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். மேடையில் நிறைய வாசிப்பவர், காதை நம்பும் உரிமை அவருக்கு உண்டு. ஆனாலும் இதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆம்பின் கெயின் குமிழும் உள்ளே வரும் லெவலும் ஒன்றுக்கொன்று பதிலாகாது. பல ஆம்புகளில் அந்தக் குமிழ் முதலாவது வால்வ் கட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. முதல் கட்டம் ஏற்கெனவே நிரம்பி வழிந்த பிறகு குமிழைக் குறைத்து என்ன பயன்? இன்னும், பலவற்றில் குமிழின் குறுக்கே பிரைட் கபாசிட்டர் உண்டு. குமிழைக் குறைக்கக் குறைக்க மேல் அலைகள் விலகாமல் நின்று சத்தம் மெலிந்து கூர்மையாகும். நல்ல மாடலர் இவற்றையெல்லாம் அப்படியே செய்து காட்டும். 10 டெசிபல் கூடின டிஐயைக் கெயின் குறைத்துச் சரிசெய்யப் போனால் வேறொரு ஆம்ப்தான் கிடைக்கும். முன்னால் ஓவர்டிரைவ் இருந்தால் அதை அந்தக் குமிழ் எட்டவே எட்டாது.

அதோடு, மற்றவர்கள் செய்த பிரிசெட்டுகள் கிட்டாரை நேராகச் செருகி அமைத்தவை. உங்கள் லெவல் அந்த அளவில் இல்லாவிட்டால் எந்தப் பிரிசெட்டும் சொன்னபடி ஒலிக்காது.

அளவைச் சரியாக வைத்த பிறகு காதுக்குப் பிடித்தபடி 2 டெசிபல் ஏற்றுங்கள், 4 இறக்குங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. எங்கிருந்து ஏற்றினோம் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே என் வாதம்.

ஜூன் 21, இரவு

தம்பியின் செய்தி: மூலக் கோப்பு கிடைத்துவிட்டது, சுற்றுப் போட்டார், மாடலரின் யுஎஸ்பியைக் கழற்றினார். "நேராக வாசிப்பதும் அனுப்புவதும் ஒன்றுதான், கண்ணை மூடினால் எது எது என்று சொல்ல முடியவில்லை" என்கிறார். மிகவும் சந்தோஷம்.

அவருடைய நண்பரிடம் அக்டிவ் பிக்கப் கிட்டார் இருக்கிறதாம், இன்புட் தாங்குமா என்று கேட்கிறார். 9 வோல்ட் பேட்டரி ஒன்றில் ஓடும் பிக்கப்பின் அலை மேலேயோ கீழேயோ 4.5 வோல்ட்டுக்கு மேல் ஆட முடியாது. உங்கள் இன்புட்டின் உச்சம் 4.6. கெயின் முழுதாகக் குறைந்திருந்தால் தாங்கும். கெயினைத் திறந்தால் கிளிப் ஆகும், அதாவது அலையின் உச்சி வெட்டுப்படும், டிஐயில் கிளிப் ஆனதை எந்த மாடலராலும் மீட்க முடியாது.

ஜூன் 22, ஞாயிறு

கடைசியாக வந்த கேள்வி: யாரோ அனுப்பிய டிஐ, எந்தப் பெட்டி, எவ்வளவு கெயின் என்று ஒன்றும் தெரியாது. என்ன செய்வது?

முதலில் அனுப்பியவரிடம் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. பதில் வராவிட்டால் மதிப்பிட வேண்டியதுதான். என்ன பிக்கப் என்று மட்டும் தெரிந்தால் போதும், அதே வகைக் கிட்டார் ஒன்றை உங்கள் மாடலரில் செருகி ஓங்கி ஒரு கோர்ட் அடித்து உச்சத்தைப் பாருங்கள். வந்த டிஐயில் மிகப் பலமாக அடித்த இடத்தை அந்த அளவுக்குக் கொண்டுவாருங்கள். சரியாக வராது, ஆனால் 10 டெசிபல் பிழை 2, 3 ஆகச் சுருங்கும். முழு டேக்குக்கும் ஒரே எண்ணைத்தான் கொடுக்க வேண்டும், துண்டு துண்டாக இல்லை.

நீங்கள் அனுப்புபவராக இருந்தால் கோப்பின் பெயரிலேயே எழுதுங்கள்: "பூச்சியம் = 12.5 டிபியு, கெயின் மினிமம், பிரிட்ஜ் ஹம்பக்கர்". கெயினைத் திறந்து எடுத்திருந்தால் டேக் தொடங்குவதற்கு முன் ஃபோனிலிருந்து சைன் அலையைச் சில வினாடிகள் அதே இன்புட்டில் பதிந்து, அந்தச் சைன் எத்தனை வோல்ட் என்று மல்டிமீற்றரில் அளந்து எழுதுங்கள். மல்டிமீற்றருக்கு 100 ஹேர்ட்ஸ் சைன் நல்லது, மலிவான மீற்றர்கள் 1 கிலோஹேர்ட்ஸில் சரியாகக் காட்டாது.

கேபிள் வழியாக ரீஆம்ப் செய்த டிராக் டிஐயைவிடச் சில மில்லிசெக்கன்ட் பிந்தி வரும். டேக்குக்கு முன்னால் ஒரு கிளிக் போட்டு அனுப்பினால் திரும்பி வந்த கிளிக்கைப் பிடித்து முன்னே இழுத்துவிடலாம். டிரம்மோடு சேர்க்கும் முன் இதைச் செய்யுங்கள், பிறகு செய்தால் எது நகர்ந்தது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டிவரும்.